உங்க 7.8 சிஜிபிஏ ஜெர்மனியில் எவ்வளவு? பேப்பர் போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு



வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. சம்பளம் ஏறின மாதிரியும் இருக்கு, ஏறாத மாதிரியும் இருக்கு. பக்கத்து சீட்டில் இருந்தவர் ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்பிட்டார். "அங்க ஃபீஸே கிடையாதாம்" என்று கேன்டீனில் பேச்சு. அன்னைக்கு ராத்திரியே நீங்களும் லேப்டாப்பைத் திறந்து நாலு பல்கலைக்கழகத்தின் பக்கங்களைப் பார்க்கிறீங்க. அங்கே தகுதிகள் பட்டியலில் ஒரு வரி: "ஜெர்மன் மதிப்பெண் 2.5 அல்லது அதைவிடச் சிறந்தது."

உங்க கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டில் இருப்பதோ 7.8. இது 2.5-க்குள் வருமா, வராதா?

சின்ன கேள்வி மாதிரி தெரியும். ஆனா இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் நீங்க எந்தெந்தப் பல்கலைக்கு விண்ணப்பிப்பீங்க, அதற்கு எவ்வளவு செலவு பண்ணுவீங்க, லோன் எவ்வளவு வாங்குவீங்க, வேலையை எப்போ விடுவீங்க என்பதெல்லாம் முடிவாகுது. கன்சல்டன்சி ஆபீஸில் யாரோ ஒருத்தர் கால்குலேட்டரைத் தட்டி "உங்களுக்கு 2.8 வருது சார், கவர்மென்ட் யூனிவர்சிட்டி கஷ்டம், பிரைவேட்ல பார்த்துக்கலாம்" என்று சொன்னால், அது சரியா தப்பா என்று உங்களுக்கே தெரிந்திருக்கணும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் 20 லட்ச ரூபாய் இருக்கலாம். எப்படி என்று கட்டுரையின் பின்பாதியில் எண்களோடு காட்டுறேன்.

முதலில் கணக்கு. அப்புறம் காசு.

ஜெர்மனியில் கம்மி மார்க் தான் கெத்து

நம்ம ஊரில் மார்க் ஏறினால் சந்தோஷம். அங்கே தலைகீழ். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் 1.0 தான் முதலிடம். 4.0 என்றால் தட்டுத்தடுமாறி பாஸ். 5.0 என்றால் ஃபெயில். பொதுவான பிரிவுகள் இப்படி:

- 1.0 முதல் 1.5 வரை: ஸேர் கூட் (மிக நன்று)
- 1.6 முதல் 2.5 வரை: கூட் (நன்று)
- 2.6 முதல் 3.5 வரை: பெஃப்ரீடிகெண்ட் (திருப்திகரம்)
- 3.6 முதல் 4.0 வரை: ஔஸ்ரைஹெண்ட் (போதுமானது)

2.5 என்ற எண் ஏன் இத்தனை இடத்தில் எல்லைக்கோடாக இருக்கிறது என்று இப்போ புரியும். "நன்று" என்ற பிரிவு முடியும் இடம் அது. அதற்கு அந்தப் பக்கம் போனால் "திருப்திகரம்" ஆகிவிடும்.

ஃபார்முலா இவ்வளவுதான்

ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. 16 மாநிலங்களின் கல்வி அமைச்சர்களும் சேர்ந்து இயங்கும் நிலைக்குழுவுக்கு கேஎம்கே என்று பெயர். வெளிநாட்டு மதிப்பெண்களை மாற்றுவதற்கு அது ஏற்றுக்கொண்ட முறையைத்தான் "திருத்தப்பட்ட பவேரிய ஃபார்முலா" என்று சொல்றாங்க. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்கு.

ஜெர்மன் மதிப்பெண் = 1 + 3 × (அதிகபட்சம் − உங்க மதிப்பெண்) ÷ (அதிகபட்சம் − குறைந்தபட்ச பாஸ்)

மூணே மூணு எண் வேணும்.

அதிகபட்சம்: உங்க பல்கலையின் அளவுகோலில் எடுக்கக்கூடிய உச்ச மதிப்பெண். சிஜிபிஏ என்றால் 10, சதவீதம் என்றால் 100. "எங்க காலேஜ்ல யாருமே 9.5 தாண்டினதில்லை" என்பதெல்லாம் இங்கே செல்லாது.

உங்க மதிப்பெண்: பட்டத்தின் இறுதி சிஜிபிஏ அல்லது சதவீதம்.

குறைந்தபட்ச பாஸ்: எதுக்குக் கீழே போனால் ஃபெயிலோ, அந்த எண். எல்லாச் சண்டையும் இந்த மூணாவது எண்ணில்தான்.

ஒரே 7.8, மூணு விடை

உங்க சிஜிபிஏ 7.8 என்று வெச்சுக்கோங்க. அதிகபட்சம் 10. வித்தியாசம் 2.2. இது மாறப்போவதில்லை. இப்போ பாஸ் எல்லையை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

பாஸ் எல்லை 4 என்றால்: 1 + 3 × 2.2 ÷ 6 = 2.1

பாஸ் எல்லை 5 என்றால்: 1 + 3 × 2.2 ÷ 5 = 2.32, அதாவது 2.3

பாஸ் எல்லை 6 என்றால்: 1 + 3 × 2.2 ÷ 4 = 2.65, அதாவது 2.6

(முதல் தசமத்துக்குப் பிறகு வருவதை ரவுண்ட் பண்ணாமல் வெட்டிவிடுவதுதான் அங்கே பரவலான வழக்கம். அதனால் 2.65 இங்கே 2.6 ஆகிறது. சில இடங்களில் இரண்டு தசமம் வரைக்கும் பார்ப்பார்கள்.)

கவனிச்சீங்களா? அதே மாணவர், அதே மார்க். பாஸ் எல்லை 5 என்றால் அவர் 2.5 கோட்டுக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறார். 6 என்றால் வெளியே நிற்கிறார்.

"பாஸ் எல்லை 6-ஆ, அப்படியெல்லாம் இருக்குமா?" என்று கேட்கலாம். இருக்கு. அண்ணா பல்கலையின் 2017 ரெகுலேஷனை எடுத்துக்கோங்க. அதில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6. பி-க்குக் கீழே பாஸ் கிரேடே இல்லை. நூற்றுக்கு 50 எடுத்து பாஸ் ஆனவருக்கும் 6 புள்ளி. விஐடி மாதிரி இடங்களில் எஸ், ஏ, பி என்று இறங்கி கடைசி பாஸ் கிரேடான இ-க்கு 5 புள்ளி. சென்னைப் பல்கலையில் இளங்கலை படித்தவர்களுக்கு பாஸ் மார்க் 40 சதவீதம். ஆக, "இந்தியாவுக்கு பாஸ் எல்லை இதுதான்" என்று ஒரே எண்ணை வைத்துக் கணக்கு போடும் எந்த ஆன்லைன் கால்குலேட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீங்க. அந்த எண் உங்க பல்கலைக்கும், நீங்க படித்த ரெகுலேஷனுக்கும் உரியதா என்று பாருங்க. ஒரே கல்லூரியில் அண்ணன் ஒரு ரெகுலேஷன், தம்பி வேறொரு ரெகுலேஷன் என்று படித்திருக்கலாம்.

இன்னொரு சிக்கல். சில பல்கலைகளில் ஒவ்வொரு பாடத்திலும் பாஸ் ஆக ஒரு எல்லை இருக்கும். பட்டம் வாங்க மொத்த சிஜிபிஏ அதைவிட அதிகமாக இருக்கணும் என்று தனி விதியும் இருக்கும். பாடத்துக்கு 4, பட்டத்துக்கு 5 என்கிற மாதிரி. அப்போ இரண்டு எண்ணையும் வைத்துக் கணக்கு போட்டு வெச்சுக்கோங்க. எதை எடுத்துக்கொள்வது என்பது மதிப்பிடுபவர் கையில் இருக்கிறது. மோசமான விடையை வைத்துத் திட்டமிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை.

வாயாலேயே போடும் கணக்கு

சிஏ படிக்கும்போது எங்களுக்கு ஒரு பழக்கம் வரும். பெரிய கணக்குக்குள் போவதற்கு முன் விடை ஏறக்குறைய எங்கே விழும் என்று மனசுக்குள் பார்த்துக்கொள்வோம். இங்கேயும் அப்படி ஒரு குறுக்குவழி இருக்கு.

1-க்கும் 4-க்கும் சரியாக நடுவில் இருப்பது 2.5. அதனால் உங்க அதிகபட்சத்துக்கும் பாஸ் எல்லைக்கும் சரியாக நடுவில் இருக்கும் மதிப்பெண்தான் ஜெர்மனியின் 2.5. இரண்டையும் கூட்டி, பாதியாக்குங்க. அவ்வளவுதான்.

- பாஸ் எல்லை 4, உச்சம் 10: நடு எண் 7.0
- பாஸ் எல்லை 5, உச்சம் 10: நடு எண் 7.5
- பாஸ் எல்லை 6, உச்சம் 10: நடு எண் 8.0
- பாஸ் எல்லை 40, உச்சம் 100: நடு எண் 70 சதவீதம்
- பாஸ் எல்லை 50, உச்சம் 100: நடு எண் 75 சதவீதம்

உங்க மார்க் இந்த நடு எண்ணுக்கு மேலே என்றால் 2.5 கோட்டைத் தாண்டிட்டீங்க. போட்டி அதிகமுள்ள படிப்புகள் 2.0 கேட்டால்? பாஸ் எல்லை 5 என்றால் 8.34 வேணும். 6 என்றால் 8.67. 40 சதவீத பாஸ் என்றால் 80 சதவீதம்.

இதில் நம்ம ஊர் பெருமை ஒன்று அடிபடும். பல பல்கலைகளில் 60 சதவீதம் எடுத்தாலே ஃபர்ஸ்ட் கிளாஸ். பாஸ் எல்லை 40 என்று வைத்தால் அந்த 60 சதவீதம் ஜெர்மனியில் 3.0. "திருப்திகரம்" பிரிவில் நடுவில் விழும். சான்றிதழில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தாலும் ஃபார்முலாவில் அதற்கு இடம் இல்லை. டிஸ்டிங்ஷனுக்கும் இல்லை, கல்லூரியின் பெயருக்கும் இல்லை.

அடிக்கடி நடக்கும் நாலு தப்புகள்

முதல் தப்பு, அளவுகோலைக் கலப்பது. சிஜிபிஏ 8-ஐ 80 சதவீதம் என்று மாற்றிக்கொண்டு, "நூற்றுக்கு 40 எடுத்தா பாஸ்தானே" என்று கணக்கு போட்டால் 2.0 வரும். ஆனால் அவருடைய கிரேடு அளவுகோலில் கடைசி பாஸ் புள்ளி 5 என்றால் சரியான விடை 2.2. மூணு எண்ணும் ஒரே அளவுகோலில் இருக்கணும். உங்க மார்க் சிஜிபிஏ என்றால் பாஸ் எல்லையும் சிஜிபிஏ-வாக இருக்கணும்.

இரண்டாவது தப்பு, 9.5-ஆல் பெருக்குவது. அது சிபிஎஸ்இ பள்ளிகளின் பத்தாம் வகுப்புக்கு ஒரு காலத்தில் இருந்த வழிமுறை. உங்க பல்கலை வேறு மாற்று விகிதம் சொல்லியிருக்கலாம், எதுவுமே சொல்லாமலும் இருக்கலாம். சிஜிபிஏ கொடுத்திருக்கும்போது அதைச் சதவீதமாக்கும் வேலையே இங்கே தேவையில்லை.

மூணாவது, பாதியில் கணக்கு போடுவது. கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் இப்போதைய சிஜிபிஏ-வை வைத்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கோட்டின் ஓரத்தில் இருந்தால் கவனம். பாஸ் எல்லை 5 உள்ள அளவுகோலில் சிஜிபிஏ 0.1 இறங்கினால் ஜெர்மன் மதிப்பெண் 0.06 ஏறும். 2.48-ல் நிற்பவருக்கு அந்த 0.06 பெரிய விஷயம்.

நாலாவது, அரியர் பயம். "எனக்கு ரெண்டு அரியர் இருந்துச்சு, அதனால கிரேடு குறையுமா?" ஃபார்முலாவில் அரியருக்கென்று தனிக் கட்டம் கிடையாது. கிளியர் பண்ணின பிறகு வந்த இறுதி மதிப்பெண்தான் உள்ளே போகுது. ஆனால் தேர்வுக்குழு டிரான்ஸ்கிரிப்டைத் திருப்பிப் பார்க்கும்போது அது கண்ணில் படும். மறைக்க முயற்சி பண்ணாதீங்க.

நீங்க போட்ட கணக்கு செல்லுமா?

நீங்க போடுவது உங்களுக்கான மதிப்பீடு. அதிகாரபூர்வமான எண்ணை முடிவு பண்ணுவது பல்கலைக்கழகம், அல்லது அதன் சார்பில் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு. ஜெர்மனியின் பல பல்கலைகள் வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையை இதனிடம் ஒப்படைத்திருக்கின்றன. சில பல்கலைகள், உதாரணமாக மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை, யூனி-அசிஸ்ட்டிடமிருந்து விபிடி என்ற முன்மதிப்பீட்டுச் சான்றை வாங்கிவரச் சொல்கின்றன. அந்தச் சான்றில் உங்க ஜெர்மன் மதிப்பெண் அச்சாகி வரும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு பெயர் ஏபிஎஸ். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஜெர்மன் மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் வாங்குவது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். உங்க சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்ப்பது அதன் வேலை. அது வந்துவிட்டால் ஜெர்மன் மதிப்பெண்ணும் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

எல்லாப் பல்கலையும் பவேரிய ஃபார்முலாவைத்தான் பயன்படுத்தும் என்றும் இல்லை. சில இடங்களில் தங்களுக்கென்று தனி முறை, சில இடங்களில் கிரேடுக்கு ஒரு புள்ளி, பாடப்பொருத்தத்துக்கு ஒரு புள்ளி, மோட்டிவேஷன் லெட்டருக்கு ஒரு புள்ளி என்று கூட்டிப் பார்ப்பார்கள். அந்தந்தப் படிப்பின் சேர்க்கை விதிமுறை ஆவணத்தைத் தேடி எடுங்க. பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டாவது படிச்சிடுங்க. 2.5 என்பது கண்டிப்பான எல்லையா, இல்லை புள்ளி குறையும் இடமா என்பது அதில்தான் தெரியும்.

இன்னொன்று, கிரேடு மட்டும் போதாது. நீங்க படித்த பாடங்கள் அவர்கள் கேட்கும் பாடங்களோடு ஒத்துப்போகணும். ஐரோப்பாவில் ஒரு வருஷப் படிப்பை 60 ஈசிடிஎஸ் கிரெடிட் என்று கணக்கிடுவார்கள். அங்கே மூணு வருஷ பேச்சிலர்ஸ் 180 கிரெடிட். சில மாஸ்டர்ஸ் படிப்புகள் 210 கேட்கும். மூணு வருஷ பி.காம்., பி.எஸ்சி. முடித்தவர்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்க.

பல்கலையிலிருந்து ஒரு தாள் வாங்குங்க

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வீங்க என்றால், இதைச் செய்யுங்க.

உங்க டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தைப் பாருங்க. அதிகபட்ச மதிப்பெண், கடைசி பாஸ் கிரேடு, அதன் புள்ளி எல்லாம் அங்கே தெளிவாக அச்சாகியிருந்தால் பிரச்னை இல்லை. இல்லையென்றால், பல்கலையின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கிரேடிங் முறையை விளக்கும் கடிதம் கேளுங்க. அதில் மூணு விஷயம் இருக்கணும்: உச்ச மதிப்பெண் எவ்வளவு, பாஸ் ஆகக் குறைந்தபட்சம் எவ்வளவு, பட்டம் பெறக் குறைந்தபட்சம் எவ்வளவு. லெட்டர்ஹெட், கையெழுத்து, சீல் மூணும் அவசியம்.

பாஸ் எல்லை எதுவென்று ஆவணத்தில் இல்லாவிட்டால் மதிப்பிடுபவர் தன்னிடம் இருக்கும் தகவலை வைத்து முடிவு பண்ணுவார். அது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. ஆபீஸ் லீவு போட்டு, கிண்டிக்கோ கோவைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிப் போய், இரண்டு நாள் காத்திருந்து வாங்க வேண்டியிருக்கலாம். போங்க. மார்க்கை இனிமேல் மாற்ற முடியாது. ஆனா அந்த மார்க்கை எந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கணும் என்று ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

இப்போ காசு: 2.3-க்கும் 2.6-க்கும் நடுவில் எவ்வளவு ரூபாய்?

கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வெச்சுக்குவோம். நீங்க படிக்கும்போது என்ன ரேட்டோ அதைப் போட்டுக்கோங்க.

விண்ணப்பச் செலவு முதலில். யூனி-அசிஸ்ட்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கு அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. எட்டு படிப்புகளுக்குப் போட்டால் 75 + 210 = 285 யூரோ. ஏறக்குறைய 28,500 ரூபாய். உங்க உண்மையான கிரேடு 2.6. ஆனா 2.3 என்று தப்பாக நினைத்து, 2.5-ஐக் கண்டிப்பான எல்லையாக வைத்திருக்கும் ஐந்து படிப்புகளுக்குப் போட்டிருந்தால், 150 யூரோ, 15,000 ரூபாய் வீண். இதுவாவது சின்னத் தொகை. ஒரு இன்டேக் போனால் ஒரு வருஷம் போச்சு. அதுதான் பெரிய நஷ்டம்.

தலைகீழ் தப்புதான் இன்னும் காஸ்ட்லி. உண்மையில் 2.3 இருப்பவரிடம் "உங்களுக்கு 2.6, அரசுப் பல்கலை கிடைக்காது" என்று சொல்லி ஒரு தனியார் பல்கலைக்கு அனுப்பி வைத்தால் என்ன ஆகும்?

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைகளில் டியூஷன் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும் கட்டணும். (விதிவிலக்கும் உண்டு: பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையிலும் 2024-25 முதல் மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை.) தனியார் பல்கலைகளில் வருஷத்துக்கு 10,000 யூரோவைத் தாண்டுவது சகஜம். இரண்டு வருஷத்துக்கு 20,000 யூரோ, அதாவது 20 லட்சம்.

அந்த 20 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 10 வருஷக் கல்விக்கடனாக வாங்கினால் மாத இஎம்ஐ சுமார் 27,500 ரூபாய். மொத்தம் திருப்பிக் கட்டுவது 33 லட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதில் இல்லை. பாஸ் எல்லை என்ற ஒரே ஒரு எண்ணை 5-க்குப் பதில் 6 என்று போட்டதன் விலை இது. தனியார் பல்கலை எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. வேற வழியே இல்லை என்று நம்பிப் போகாதீங்க என்றுதான் சொல்றேன்.

வாழ்க்கைச் செலவு இரண்டு பேருக்கும் பொது. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், கிட்டத்தட்ட 12 லட்சம். இது கட்டணம் இல்லை, உங்க பணம்தான். மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பி வரும். படிக்கும்போது வருஷத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனா போய் இறங்கின முதல் மாதமே வேலை கிடைத்துவிடும் என்று பட்ஜெட் போடாதீங்க.

சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டிய மூணு

ஒன்று, டிசிஎஸ். கம்பெனியைச் சொல்லலை, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரியைச் சொல்றேன். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை அனுப்பினால் பிடித்தம் இல்லை. படிப்புக்காக அதற்கு மேல் சொந்தப் பணம் அனுப்பினால், தாண்டும் தொகைக்கு மட்டும் பிடிப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்குப் பிடித்தமே இல்லை. பிடித்தாலும் அது உங்க பான் கணக்கில் இருக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பிளாக்டு அக்கவுண்டுக்கு மொத்தமாக அனுப்பும்போது நிதியாண்டைப் பார்த்து, மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரிக்க முடியுமா என்று யோசிங்க.

இரண்டு, பிஎஃப். தொடர்ச்சியாக ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் எடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி வரும். "விண்ணப்பச் செலவுக்கு பிஎஃப்-ஐ உடைச்சிடலாம்" என்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

மூணு, ராஜினாமா. இதைத்தான் அழுத்திச் சொல்லணும். ஃபார்முலாவில் 2.3 வந்ததும் உற்சாகத்தில் பேப்பர் போட்டுவிடாதீங்க. 2.3 என்பது வாசலுக்குள் நுழையும் தகுதி. இடம் கிடைத்ததாக அர்த்தம் இல்லை. யூனி-அசிஸ்ட் சரிபார்க்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அப்புறம் பல்கலை முடிவெடுக்கணும், அப்புறம் விசா. உங்க நோட்டீஸ் பீரியட் 60 நாளா, 90 நாளா என்று பார்த்து, வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்க. அட்மிஷன் லெட்டர் கையில் வரும் வரைக்கும் மாதச் சம்பளம் வந்துகொண்டே இருக்கட்டும். அந்தச் சம்பளம்தான் உங்க பிளாக்டு அக்கவுண்டை நிரப்பப் போகுது.

படிக்கப் போகலை, வேலைக்குத்தான் போறேன் என்றால்?

ஜெர்மனியில் நேரடியாக வேலை தேடுபவர்களுக்கு, 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டை மூலமாகவோ புளூ கார்டு மூலமாகவோ போகிறவர்களுக்கு, இந்தக் கிரேடு மாற்றம் பெரிதாகத் தேவைப்படாது. அவர்கள் பார்ப்பது உங்க பட்டமும் பல்கலையும் அங்கே அங்கீகரிக்கப்பட்டதா என்பதை. அதற்கு அனபின் என்ற தரவுத்தளம் இருக்கு, இலவசம். உங்க பல்கலைக்குப் பக்கத்தில் எச் பிளஸ் என்று போட்டிருந்தால் நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டு. மாஸ்டர்ஸ் போகிறவர்களும் இதை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அங்கீகாரம் இல்லை என்று வந்தால் கிரேடு கணக்கே தேவைப்படாமல் போயிடும்.

இந்த வார இறுதியில் செய்ய வேண்டியவை

1. டிரான்ஸ்கிரிப்டை எடுத்து, பின்பக்கத்தில் பாஸ் கிரேடு இருக்கா என்று பாருங்க.
2. ஃபார்முலாவை இரண்டு தடவை போடுங்க: உங்களுக்குச் சாதகமான பாஸ் எல்லையில் ஒன்று, பாதகமான எல்லையில் ஒன்று.
3. படிப்புகளை மூணு பட்டியலாகப் பிரியுங்க. பாதகமான விடையிலும் தேறுபவை முதல் பட்டியல். சாதகமான விடையில் மட்டும் தேறுபவை இரண்டாவது. இரண்டிலும் தேறாதவை மூணாவது. பணமும் நேரமும் முதல் பட்டியலுக்கு. இரண்டாவதிலிருந்து இரண்டு, மூணு. மூணாவதுக்கு ஒரு யூரோகூட வேண்டாம்.
4. கிரேடிங் முறைக் கடிதத்துக்கு விண்ணப்பம் கொடுங்க.
5. கன்சல்டன்சியிடம் போனால், "பாஸ் எல்லை எவ்வளவு என்று எடுத்துக்கிட்டீங்க? எந்த ஆவணத்தின்படி?" என்று கேளுங்க. பதில் சொல்லத் தெரியாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

வீட்டில் அம்மா, அப்பாவிடம் பேசும்போதும் இந்தக் கணக்கையே காட்டுங்க. "2.3 வருது, இத்தனை படிப்புக்குத் தகுதி இருக்கு, முதல் வருஷத்துக்கு 12 லட்சம் வேணும், அதில் என் சேமிப்பு இவ்வளவு, கடன் இவ்வளவு" என்று ஒரே தாளில் எழுதி நீட்டினால் பாதி பயம் போயிடும். வீட்டை அடமானம் வைக்கணுமா, வேண்டாமா என்ற பேச்சும் அந்தத் தாளை வைத்துத்தான் நடக்கணும்.

இதே கணக்கை ஒரு ஷீட்டில் வெவ்வேறு பாஸ் எல்லைகளோடு போட்டுக் காட்டும் வீடியோ நம்ம சேனலில் வரும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். மார்க் ஷீட்டை எடுங்க, அந்த மூணு எண்ணை ஒரு தாளில் எழுதுங்க.

அடுத்த கட்டுரையில் கல்விக்கடனில் ஜாமீன் கொடுத்து வாங்குவது லாபமா, ஜாமீன் இல்லாமல் வாங்குவது லாபமா என்று பார்ப்போம்.